அப்பாவின் நிழலுக்கு ஆணை வரவில்லை

மாயம் எப்படி வந்தது என்று கேட்பதற்காகவே அந்த நிறுவனத்தில் ஒரு குழு இருந்தது. தோற்றுவாய்க் குழு என்று பெயர். பறக்கிறவர்கள், பார்வையால் சுவரைத் துளைக்கிறவர்கள், தண்ணீரோடு பேசுகிறவர்கள் என்று அங்கே தயாரான எல்லா அனிமேஷன் நாயகர்களுக்கும் சக்தி எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். அதன் ஒப்புதல் இல்லாமல் திரையில் ஒரு குழந்தை தரையிலிருந்து அரை அங்குலம்கூட எழும்ப முடியாது.

குழு மேல்மாடியில் கம்பளம் விரித்த அறையில் கூடியது. படம் செய்கிறவர்கள் கீழே, ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்ட கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தலைமுடியை அசைக்கிறவர் முடிக்காரர். சட்டை, பாவாடையை மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொள்கிறவர் துணிக்காரர். கைகளை மட்டும் செய்கிற பெண் கைக்காரி. அவளிடம் நீங்கள் ஒரு முகத்தைக் கொடுத்தால் விழிப்பாள். ஒரு சுண்டு விரலைக் கொடுத்தால் மாலைவரை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள்.

புதிய படம், லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மகள் மாயக்காரியாவதைப் பற்றியது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடுகிறது. உள்ளே ஆட்கள். அப்பா வருகிறார், இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையின் பக்கவாட்டில் துடைத்துக்கொள்கிறார், உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல விரல் முட்டியால் கதவை இரண்டு முறை தட்டுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் மகளும் அதேபோலத் துடைத்து, அதேபோலத் தட்டுகிறாள். அவள் கை ஒளிர்கிறது. லிஃப்ட் வருகிறது. கதையை எழுதியவர் இவ்வளவுதான் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். கதை எழுதுகிறவர்கள் அங்கே அதிக நாள் தங்குவதில்லை.

துடைத்துத் தட்டும் அந்தக் கைகளைக் கைக்காரி எங்கும் தேடவில்லை. அவை அவள் வீட்டிலேயே இருந்தன. அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் வராது. அப்பா வந்து துடைத்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினால் வரும். எப்படி என்று கேட்டால், “அதுக்கு என்னைத் தெரியும்” என்பார்.

தன் கைகள் சினிமாவில் வருகின்றன என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் வாசலிலேயே அவளை மடக்கினார்.

“இன்னிக்கு நான் என்ன பண்ணேன்?”

“ரோடு கிராஸ் பண்ணீங்கப்பா. பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு.”

“நேத்தும் அதானே பண்ணேன்?”

“இன்னும் பாதி ரோடுதான் தாண்டியிருக்கீங்க.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நிஜ ரோட்டைத் தாண்டி ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்கன்னா முட்டி வலி. அங்க மட்டும் நடையோ நடைன்னு நடக்குறாராம்.”

அப்பா இதைக் காதில் வாங்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “படத்துல என் வயிறு எப்படி இருக்கு?”

“கொஞ்சம் இருக்குப்பா.”

“கொஞ்சம்னா?”

“இருக்கிறதைத்தானே அவ செய்வா?” என்றாள் அம்மா.

படத்தில் அப்பாவின் உடம்பைச் செய்தவர் வேறு ஆள்தான். ஆனால் கைக்காரி கொண்டுபோய்க் காட்டிய புகைப்படத்தை அவர் மிகவும் நேர்மையாகப் பின்பற்றியிருந்தார்.

ஒரு நாள் கைக்காரியை மேலே வரச் சொன்னார்கள். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும் என்பதால் படியேறிப் போய், மூச்சு வாங்கியபடி கம்பளத்தின் ஓரத்தில் நின்றாள். நடுவில் தலைவர். பக்கத்தில் மாய ஆலோசகர். இந்த அம்மையார் முன்பு ஒரு சோப்புக் கம்பெனியில் எந்தச் சோப்பு எந்த வாசனை வீச வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தவர். கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில் அனுபவம் உள்ளவர் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள்.

“இந்தப் பொண்ணுக்கு மாயம் எப்படி வந்தது?” என்றார் தலைவர்.

“அவங்க அப்பா தட்டுறதைப் பார்த்து அவளும் தட்டுறா சார். வந்துடுது.”

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பார்த்து வந்தா அது பழக்கம்மா. பழக்கத்தைப் பார்க்க யாராவது டிக்கெட் வாங்குவாங்களா?”

தலைவர் கனிவாகச் சிரித்தார். “உங்க உணர்வை நான் மதிக்கிறேன். ஆனா ஒரு குழந்தைக்குச் சக்தி வரணும்னா உள்ள ஒரு காலி இடம் வேணும். அப்பா இருக்கிற வரைக்கும் அந்த இடத்துல அப்பா உட்கார்ந்திருப்பார். சக்தி எங்க உட்காரும்?”

“அப்போ?”

“அப்பா சாகணும்.”

கைக்காரி, “அம்மா செத்தா ஆகாதா சார்?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக மனதுக்குள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

“போன படத்துல அம்மா. அதுக்கு முன்னாடி படத்துலயும் அம்மா,” என்றார் ஆலோசகர். “ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

“சார், எங்கப்பாவைப் பார்த்துத்தான் அந்தக் கையைச் செஞ்சேன். அவர் படத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கார்.”

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் தலைவர். “எங்க வாழ்த்தைச் சொல்லுங்க. நல்ல சாவாவே பண்ணிடலாம்.”

நல்ல சாவைத் தேடுவதில் அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. முதலில் தீ விபத்து என்றார்கள். முடிக்காரர் மேலே போய், எரியும் முடியைத் தன்னால் செய்ய முடியாது, மனசு கேட்காது என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்து வெள்ளம். தண்ணீர்ப் பிரிவில் எல்லோருக்கும் ஜலதோஷம். பிறகுதான் யாருக்கோ லிஃப்ட் அறுந்து விழட்டும் என்ற எளிய யோசனை தோன்றியது. ஆனால் படத்துக்கு முன்னால் விளம்பரம் போடவிருந்த லிஃப்ட் கம்பெனி, தங்கள் லிஃப்டுகள் விழுவதில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தது. வேண்டுமானால் அவர் படிக்கட்டில் சாகட்டும், படிக்கட்டுகளைப் பற்றி மக்களுக்கு ஒரு விழிப்புணர்வாகவும் இருக்கும் என்று யோசனையும் சொன்னது.

அப்பா படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். சில குழந்தைகளைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஒன்று, மறுபடியும் போடச் சொல்லி அழுதது. குழு இந்த அழுகையைத் துயரம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு முழுக் கூட்டம் விவாதித்துவிட்டு, கூடாது என்று முடிவு செய்தது.

கடைசியில் அப்பா ஒளியாகக் கரைந்துபோவது என்று தீர்மானமாயிற்று. வலியில்லை, ரத்தமில்லை, யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எல்லோரும் கைகொடுத்துக்கொண்டு எழுந்தபோது ஆலோசகர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

“ஒளியா கரையிறது மாயமாச்சே?”

“ஆமா.”

“அப்போ அப்பாவுக்கு மாயம் எங்கேருந்து வந்தது?”

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு மாயம் வர வேண்டுமென்றால் தாத்தா செத்திருக்க வேண்டும். தாத்தாவும் ஒளியாகக் கரைந்திருந்தால் அவருடைய அப்பா. துணைக்குழு ஒன்று இந்த வழியே பின்னோக்கிப் போய், ஒரு குகையில் நெருப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் உடம்பெல்லாம் ரோமமுள்ள மனிதன்வரை சென்றது. அவனுடைய அப்பா எப்படி இறந்தார் என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, துணைக்குழு இரண்டாக உடைந்து திரும்பி வந்தது.

இதற்கிடையே பொம்மை வந்து சேர்ந்தது. படம் முடிவதற்கு முன்பே மாயக்காரச் சிறுமியின் பொம்மைகள் கிடங்கு கிடங்காகத் தயாராகிவிட்டிருந்தன. பொம்மைக்கு விரல் மடங்காது. நீட்டிய உள்ளங்கை, ஒட்டிய விரல்கள். பொம்மை செய்யாததைப் படத்தில் செய்தால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும் என்று ஆலோசகர் விளக்கினார். ஆகவே படத்திலும் சிறுமியின் விரல்கள் மடங்கக் கூடாது.

“விரல் மடங்கலன்னா எப்படி மேடம் தட்டுவா?”

“உள்ளங்கையால தட்டட்டும்.”

கைக்காரி கீழே வந்து செய்து பார்த்தாள். சிறுமி லிஃப்டை அறைந்தாள். பார்த்துக்கொண்டிருந்த துணிக்காரர், “இதுக்கு லிஃப்ட் ஏன் வருது, பயந்துக்கிட்டா?” என்று கேட்டார்.

வீட்டில் ஏற்பாடுகள் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. அப்பா தன்னோடு வேலை பார்த்த பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் ஃபோன் செய்திருந்தார். முடிவெட்டும் கடைக்காரர் கடையை மூடிவிட்டு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மருந்துக்கடைக்காரர், எத்தனையாவது நிமிஷம் வருவீங்க, சரியா சொன்னா அதுக்கேத்த மாதிரி வரேன் என்று கேட்டிருந்தார்.

“அப்பா, உங்க பாகத்துல கொஞ்சம் மாத்தம் வரும்போல.”

“வசனம் ஜாஸ்தியா?”

“இல்லப்பா. கொஞ்சம்… குறைவு.”

“அது பரவாயில்ல. நமக்குப் பேச்சு வராது. கைதான் பேசும்.” இதைச் சொல்லிவிட்டு அவர் அம்மா பக்கம் திரும்பி, தான் சொன்னது நன்றாக இருந்ததா என்று பார்த்தார். அம்மா கத்திரிக்கோலால் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியீடு நெருங்கியபோது தலைவர் எல்லாப் பிரிவினரையும் கூட்டிப் பேசினார். அவர் பேச்சு நன்றாகவே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

“நண்பர்களே, நாங்க பல சாவுகளைப் பரிசீலிச்சோம். ஒவ்வொண்ணுலயும் ஒரு குறை. ஏன்னு யோசிச்சப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சது. செத்துப்போறதுக்கு ஒருத்தர் முதல்ல இருந்தாகணும். பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது. இழப்புலயே சிறந்த இழப்பு எது? ஆரம்பத்துலேருந்தே இல்லாதது. அது சுத்தமா இருக்கும். கேள்வி வராது. அதனால இந்தப் படத்துல அப்பா கிடையாது. எப்பவுமே கிடையாது. அவர் இல்லாததை ஒவ்வொரு காட்சியிலயும் ஜனங்க உணரணும். அதுக்கு நீங்க எல்லாரும் உழைக்கணும்.”

கைதட்டினார்கள். அன்று மதியமே ஆணைகள் வந்தன.

அந்த நிறுவனத்தில் ஓர் ஆளை மொத்தமாக நீக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. அவரவர் செய்ததை அவரவர் நீக்க வேண்டும். முடிக்காரருக்கு முதலில் ஆணை வந்தது, அப்பா வழுக்கையானார். பிறகு துணிக்காரர். பிறகு முகம் போயிற்று. அந்த உடம்பை நேர்மையாகச் செய்தவர், வயிற்றோடு சேர்த்து அதை எடுத்துவிட்டு, கைக்காரியின் பக்கம் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனார். வாரக் கடைசியில் படம் முழுவதும் இரண்டு கைகள் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தன. அவை சாலையைக் கடந்தன, ஷூ லேஸ் கட்டிவிட்டன, லிஃப்ட் முன்னால் வந்து, இல்லாத சட்டையில் தம்மைத் துடைத்துக்கொண்டன.

கைக்காரி அவற்றை அப்படியே வைத்திருந்தாள். மேலேயிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். மூன்றாவது முறை ஆலோசகரே இறங்கி வந்தார்.

“வெறும் கை மட்டும் இருந்தா பேய்ப் படம் ஆயிடும்மா.”

“பொண்ணு கையை என்ன மேடம் பண்றது? அவர் பிடிச்சிருந்தார். இப்போ அது அந்தரத்துல தொங்குது.”

ஆலோசகர் திரையைக் கூர்ந்து பார்த்தார். “தொங்கட்டும். கொஞ்சம் ஞாபகம் வந்த மாதிரி வைங்க.”

ஞாபகம் வந்த மாதிரி ஒரு கையை எப்படி வைப்பது என்று கைக்காரிக்குத் தெரியவில்லை. இருந்தபடியே விட்டுவிட்டாள். பிறகு அப்பாவின் கைகளை ஒவ்வொரு காட்சியாகத் திறந்து நீக்கினாள். கடைசியாக மிஞ்சியது லிஃப்ட் காட்சி.

அன்று சாயங்காலமும் அப்பா வாசலில் நின்றார். “இன்னிக்கு நான் என்ன பண்ணேன்?”

“கையைத் துடைச்சீங்கப்பா.”

“தட்டலியா?”

“தட்டுனீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

முடிந்த படத்தைச் சரிபார்ப்பதற்காகக் கூடத்தில் ஓடவிட்டபோது கைக்காரி தன் பங்கைப் பார்த்தால் போதும் என்று சிறுமியின் விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். சிறுமி கையை அந்தரத்தில் தூக்கியபடி தனியாகச் சாலையைக் கடந்தாள். தரையில் இரண்டு நிழல்கள் கடந்தன. பெரிய நிழல் சின்ன நிழலின் கையைப் பிடித்திருந்தது.

கைக்காரி எழுந்து போய் மூலையிலிருந்த நிழல்காரரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையில் ஆள் ஓர் அடுக்கு என்றால் நிழல் இன்னோர் அடுக்கு. இரண்டையும் வேறு வேறு ஆட்கள் தனித்தனியாகச் செய்து கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். ஆளை எடுத்தால் நிழல் தானாகப் போகாது. நிழல்காரர் கூடத்தின் மிக இருண்ட இடத்தில் உட்கார்ந்திருந்ததால் ஆணை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அவரை மறந்துவிடுவார்கள்.

“அண்ணே, அப்பா நிழல் இருக்கு.”

“இருக்கு.”

“எடுக்கலியா?”

“எல்லாருக்கும் ஆணை வந்தது. எனக்கு வரல. நானா எடுத்தா, யாரைக் கேட்டு எடுத்தேன்னு கேட்பாங்க.” அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “எடுக்கணும்னா சொல்லும்மா, கைக்காரி. ரெண்டு நிமிஷ வேலை.”

திரையில் லிஃப்ட் காட்சி வந்தது. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய நிழல், உள்ளங்கைகளைப் பக்கவாட்டில் துடைத்தது. விரல்களை மடக்கி முட்டியால் இரண்டு முறை தட்டியது. நிழலுக்குப் பொம்மை தயாராகவில்லை என்பதால் அதன் விரல்கள் நன்றாக மடங்கின.

காட்சி முடியும்வரை கைக்காரி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அண்ணே, வயித்தை மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா?”

முதல் காட்சிக்கு ஊழியர்களின் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அப்பா புதுச் சட்டையில், முடிவெட்டும் கடைக்காரரும் பழைய கூட்டாளிகளும் சூழ, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்வரிசையில் தோற்றுவாய்க் குழு. குழு அன்றுதான் முதன்முதலாகப் படத்தை முழுதாகப் பார்த்தது. முன்கூட்டிப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று வரைபடங்களைப் பார்த்தே எல்லா முடிவுகளையும் எடுப்பது அவர்கள் மரபு.

படம் தொடங்கியது. கைக்காரி திரையைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கழுத்தை நீட்டித் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். சிறுமி தனியாகச் சாப்பிட்டாள், தனியாகப் பள்ளிக்குப் போனாள்.

“எங்கேப்பா உன்னைக் காணோம்?” என்றார் கடைக்காரர்.

“இரு. எனக்கு இன்னும் நேரம் வரல.”

சிறுமி கையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். அரங்கில் எங்கோ ஒரு குழந்தை, “அது யாரும்மா?” என்று உரக்கக் கேட்டது. லிஃப்ட் நின்றது. உள்ளே ஆட்கள் கத்தினார்கள். சுவரில் நிழல் வந்து கையைத் துடைத்தது.

அப்பா நீட்டியிருந்த கழுத்தை இறக்கினார்.

நிழல் இரண்டு முறை தட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. சிறுமி சுவரைப் பார்த்தாள், தன் கைகளைத் துடைத்தாள், நீட்டிய விரல்களோடு கதவை ஓங்கி அறைந்தாள். கை ஒளிர்ந்தது. லிஃப்ட் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“சுவத்துல பாரு,” என்றார் அப்பா கடைக்காரரிடம். “அது நான்.” பிறகு மகளின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். “வயித்தைக் குறைச்சிட்ட.”

படம் முடிந்ததும் தலைவர் மேடையேறினார். கண்களைத் துடைத்துக்கொண்டார். “அப்பா இல்லைன்னு முடிவு பண்ண அன்னிக்கே எனக்கு இந்த நிழல் தெரிஞ்சுபோச்சு. ஆள் இருந்தா யார் நிழலைப் பார்க்குறாங்க? ஆளை எடுத்தாத்தான் நிழல் தெரியும். இது பல வருஷமா நான் நம்புற தத்துவம்.”

படம் ஓடு ஓடு என்று ஓடியது. இனி எல்லாப் படங்களிலும் முதலில் ஓர் அப்பாவை முழுமையாக உருவாக்கி, பிறகு அவரை முழுமையாக நீக்க வேண்டும் என்று விதி வந்தது. நிழல்காரருக்கு வெளிச்சமான அறை கொடுத்தார்கள். அங்கே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். நிழல் பொம்மை கறுப்பு அட்டையில் வந்தது. அதன் விரல் எப்போதும் மடங்கியே இருந்தது.

வெற்றி விழாவுக்கு அப்பாவும் போயிருந்தார். கைக்காரி அவரைத் தலைவரிடம் அழைத்துப் போனாள்.

“சார், எங்கப்பா. இவர்தான் அந்த அப்பா.”

“அப்பா இந்தப் படத்துல இல்லையேம்மா,” என்றார் தலைவர்.

அப்பா கூச்சத்தோடு, கைகொடுப்பதற்கு முன் உள்ளங்கைகளைச் சட்டையின் பக்கவாட்டில் துடைத்தார். மேடை விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தது. எதிர்ச் சுவரில் அவர் நிழலும் துடைத்தது. ஆலோசகர் சுவரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், இது நம்ம நிழல்,” என்றார் தலைவரிடம்.

தலைவர் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து இருவர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையானவர்கள். தண்ணீர் கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். துடைத்தல், தட்டுதல் இரண்டும் இப்போது நிறுவனத்துக்குச் சொந்தம் என்றும், கையை உபயோகிப்பதில் தடையில்லை, ஆனால் வெளிச்சத்துக்கு முன்னால் நின்று செய்து சுவரில் நிழல் விழவிட்டால் அது உரிமை மீறல் ஆகும் என்றும் விளக்கினார்கள்.

“வெளிச்சம் இல்லாத இடத்துல?” என்று கேட்டாள் அம்மா.

ஒருவர் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். “அதைப் பத்தி எங்களுக்கு ஆணை இல்லம்மா.”

அவர்களை வழியனுப்ப அப்பாவும் கைக்காரியும் வெளியே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். வரவில்லை. மறுபடி அழுத்தினார். இன்னொருவர் அழுத்திப் பார்த்தார். படியில் இறங்குவதற்கு அது உயரமான மாடி.

“இருங்க தம்பி,” என்றார் அப்பா.

அவர் நடைக்கூடத்தின் விளக்கை அணைத்தார். இருட்டில், சட்டைத் துணியில் கைகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு தட்டு.

கீழே எங்கோ லிஃப்ட் புறப்பட்டது.